மாப்பிள்ளை அழைப்பும் பெட்ரோல் வாடையும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கை முட்டி நாலு தடவை பெயர்ந்தால் அது தானாக வந்துவிடும். இன்ஜின் தடுமாறும்போது, சுற்றி நிற்கிற கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது, உங்கள் புத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. அதற்கு என்னிடம் ஒரு சம்பவம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும். நல்லபடியாக முடிந்ததற்கான பெருமூச்சு, பயப்படாமல் படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். போடியிலிருந்து மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குப் போகிற ரோட்டோரத்தில் என் பட்டறை. வருவதெல்லாம் ஜீப்புதான். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு, ஏலக்காய் மூட்டை இறக்குகிற ஜீப்பு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. டிரைவர் உட்கார இடம் இருந்தால் வண்டி காலி என்று அர்த்தம். அப்படிப்பட்ட பட்டறையில் ஒரு நாள் லாரியிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். மேற்கூரை கிடையாது, ரெண்டே சீட்டு, கரும்பச்சை நிறம். தரையோடு தரையாக அவ்வளவு தாழ்வு. தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது.

வண்டி கதிரேசன் முதலாளியுடையது. மெட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஏலத்தோட்டம். பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது இவரிடம் தள்ளிவிட்டுப் போன வண்டி. முதலாளி கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு அது கரும்புகை கக்க ஆரம்பித்து, கடைசியில் ஏலக்காய் ஸ்டோரில் படுத்துவிட்டது. பானட்டைத் திறந்து பார்த்தால் கார்பரேட்டரே இல்லை. டிக்கியில் ஒரு மின்சார பம்பு பெட்ரோலை அழுத்தித் தள்ள, அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியான மெல்லிய நைலான் குழாய் வழியாகப் போய்ப் பீய்ச்சுகிறது. டீசலுக்கு இப்படிப் பார்த்திருக்கிறோம். பெட்ரோலுக்கு இஞ்சக்சன் என்பது போடிக்குப் புதுசு.

“அதைப் பிடுங்கி எறிஞ்சுட்டு ரெண்டு கார்பரேட்டரை மாட்டி விடு” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். லேத்துக்காரர், லாரி மெக்கானிக், டீக்கடைக்காரர் உட்பட. எனக்கோ வீம்பு ஜாஸ்தி. அதுவும் ஊரே ஒன்றைச் சொன்னால் எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். என் மனைவி இதை வேறு வார்த்தையில் சொல்வாள், அதை இங்கே எழுத முடியாது.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த வண்டி சமவெளியில் பிறந்தது. மேலே போகப் போகக் காற்று இளைக்கும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் கொட்டும். கரும்புகைக்குக் காரணம் அதுதான். நம் ஊர்ப் பெட்ரோலுக்கோ ஏற்றத்தில் இன்ஜின் கடகடவென்று தட்டும். எனவே பொறி விழுகிற டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தேன். சூடாகிச் செத்துப்போயிருந்த, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலைக் கழற்றிவிட்டு, ஜீப்புக் காயில் ஒன்றை இன்ஜினை விட்டுத் தள்ளி மாட்டினேன். பெட்ரோல் அளவை போடிக்கும் மெட்டுக்கும் நடுவான ஒரு இடத்துக்குக் குறைத்து வைத்தேன். இதற்குப் பிடித்த நாட்களையும் நான் திட்டிய திட்டுகளையும் விட்டுவிடுகிறேன். கூடவே இன்னொரு வேலையும் செய்தேன். மின்சார பம்புக்கு என்று தனியாக ஒரு சுவிட்சை டாஷ்போர்டில் வைத்தேன்.

முதலாளிக்கு அது பிடிக்கவே இல்லை. “என்னப்பா இது, மாவு மில்லு சுவிட்சு மாதிரி? நல்லா இருந்த டாஷ்போர்டுல ஓட்டையப் போட்டுட்டியே.”

“இருக்கட்டும் முதலாளி. பெட்ரோலத் தனியா நிறுத்த ஒரு வழி வேணும்ல. இது என்ன வெறகு அடுப்பா, தண்ணியத் தெளிச்சு அணைக்க?”

போடியில் எந்த வண்டியைப் பழுது பார்த்தாலும் ஒரு வழக்கம் உண்டு. வண்டி மெட்டு ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவெல்லாம் மூச்சு வாங்காமல் ஏறி, மேலே டீக்கடையில் நின்றால் வேலை பாஸ். வேறு பரீட்சை கிடையாது. முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு தட்டல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. முதலாளி ஒவ்வொரு வளைவிலும் பள்ளிக்கூடப் பையனைப் போல் கத்தினார். மேலே போய் டீ குடிக்கும்போது எனக்கு இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான் மெக்கானிக் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் முதலாளி அங்கேயே ஒரு முடிவெடுத்தார். அவர் மகளுக்குத் தேவாரத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹைஸ்கூல் வாத்தியார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு அழைத்து வருவோம் இல்லையா, அந்த ஊர்வலத்துக்கு இந்த வண்டிதான் என்றார்.

“அப்பு, நீதான் ஓட்டணும். வேற ஆளு தொடக் கூடாது.”

நான் தயங்கினேன். மெட்டு ஏறுகிற வண்டி வேறு, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடக்கிற வண்டி வேறு. வைகாசிப் புழுக்கத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டினால் பம்பு சூடாகும், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் திக்கும். அதைச் சொன்னேன். ஆனால் மகள் கல்யாண உற்சாகத்தில் இருக்கிற தகப்பன் காதில் பம்பு ஏறுமா? சரி என்று டிக்கியில் பம்பின் மேல் நனைத்த சாக்கைப் போட்டு வைத்தேன். இன்ஜின் திக்கினால் ஒரு தடவை ரேஸ் பண்ணி விட்டால் குளிர்ந்த பெட்ரோல் வந்து சரியாகிவிடும் என்று மனதுக்குள் திட்டமும் போட்டுக்கொண்டேன். என்ன கோளாறு வரும், அதற்கு என்ன வைத்தியம் என்று எல்லாம் தயார். இப்படித் தயாராக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நாம் எதிர்பார்த்திருக்கும் கோளாறு ஒன்று இருந்தால், எது நடந்தாலும் அதுவாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும்.

அன்று மதியம் பூ அலங்காரக்காரரிடம் வண்டியை விட்டுவிட்டு நான் குளித்து வேட்டி மாற்றப் போனேன். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். பூதான் இருக்கிறது. பக்கமெல்லாம் மல்லிகை, சீட்டுக்குப் பின்னால் ரோஜா வளைவு, பானட்டின் மேல் மூங்கிலும் பஞ்சுமாகச் செய்த பெரிய மயில் ஒன்று தோகை விரித்து நிற்கிறது. நன்றாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். காற்றுப் போகிற வழியில் தொங்கிய சரங்களை மட்டும் ஒதுக்கிக் கட்டச் சொன்னேன். அலங்காரக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் முதலாளி மகன் குமரேசன். மணப்பெண்ணின் தம்பி, வெடி இலாகா அவனுடையது. அவனுக்குப் பின்னால் நாதஸ்வரம், தவில். வண்டிக்கு ரெண்டு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்குத் தூக்கிய பெண்கள். பின்னால் சம்பந்தி வீட்டார். என் பக்கத்தில் மாப்பிள்ளை, கழுத்து மறைய மாலை. கையில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தார். வேர்வைக்கு என்று நினைத்தேன்.

பாதி வழி ஒழுங்காகப் போனது. கடைவீதி முக்கை நெருங்கும்போது இன்ஜின் திக்கியது. ஒரு சிலிண்டர் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. வந்துவிட்டாயா, உன்னைத்தான் எதிர்பார்த்தேன் என்று எனக்குக் கிட்டத்தட்ட திருப்தியாகவே இருந்தது.

குமரேசன் ஓடி வந்தான். கையில் புகைகிற ஊதுவத்தி. “அண்ணே, வண்டி நின்னுறாமப் பாத்துக்கங்க. முக்குல பெரிய சரம் போட்டுருக்கேன். ரேஸ் பண்ணி வெரசாக் கொண்டாங்க.” சொல்லிவிட்டு மறுபடி முன்னால் ஓடினான். அங்கே தெரு அகலத்துக்கு வளைத்து வளைத்துச் சரவெடி கிடந்தது.

என் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. அழுத்தியிருப்பேன். எதற்கோ ஒரு தடவை மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். அவர் கைக்குட்டையால் வேர்வையைத் துடைக்கவில்லை. மூக்கைப் பொத்தியிருந்தார். கோயிலிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

“மாப்ளே, என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“கூச்சப்படாமச் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்.”

அவர் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார். “கோயில்ல கெளம்புனதுல இருந்தே பெட்ரோல் வாடைண்ணே. வர வரக் கூடுது. பழைய வண்டின்னா இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். மாமா ஆசையா ஏற்பாடு பண்ணுனது. மொத நாளே என்னத்தக் குறை சொல்ல?”

எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. மெக்கானிக்குக்கு ஏது பெட்ரோல் வாடை? அதிலேயே ஊறின மூக்கு. மிச்சத்தை மல்லிகையும் பன்னீரும் மறைத்துவிட்டன. ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. பெட்ரோல் குழாய்க்குள் ஆவியாகித் திக்கினால் வெளியே வாடை வரக் கூடாது. வாடை வருகிறதென்றால் பெட்ரோல் வெளியே வருகிறது. சூடான இன்ஜின் மேல், பஞ்சு மயிலுக்கு அடியில். ரெண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ், முன்னால் சரவெடி, பக்கத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை. ரேஸ் பண்ணினால் இன்னும் பீய்ச்சும்.

மாவு மில்லு சுவிட்சை அணைத்தேன், சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. முன்னால் குமரேசன் சரத்துப் பக்கம் குனிகிறான். கத்தினேன், தவில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கை ஹாரனுக்குப் போனது. போன வேகத்தில் இழுத்துக்கொண்டேன். ஹாரனும் மின்சாரம்தான், பானட்டுக்குள் ஒரு சின்னப் பொறி போதும். சீட்டின் மேல் ஏறி நின்று, தோளில் இருந்த துண்டைச் சுருட்டித் தவில்காரர் முதுகில் வீசினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தவில் நின்றது, நாதஸ்வரமும் நின்றது.

“குமரேசா, சரத்தத் தொடாத! ஊதுவத்திய அணை!”

அவன் அப்படியே நின்றான். நல்ல பையன், ஏன் என்று கேட்காமல் ஊதுவத்தியைச் சாக்கடையில் போட்டான்.

கல்யாண ஊர்வலத்தில் நடுவழியில் மேளம் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “மேளத்த நிறுத்துனது எவன்? எங்க பிள்ளைய நடுரோட்டுல எறக்கி விடவா கூட்டியாந்தீக?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பெட்ரோல் ஒழுகுகிறது, தள்ளிப் போங்கள் என்று. அப்போது விளக்குத் தூக்கின அந்தப் பெண்கள் மேல் கண் போனது. இதைக் கேட்டால் அவர்கள் தலையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எந்தப் பக்கம் போடுவார்கள் என்று யார் கண்டது? சொல்லாமல் விட்டால் ஊர்வலம் இங்கேயே நின்று சண்டை போடும்.

குனிந்து மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன். “நீங்க சொன்னது சரி மாப்ளே. எறங்கி முன்னால நடங்க. ஓட வேணாம். வெளக்கு, மேளம் எல்லாம் உங்க பின்னாடியே வரட்டும்.”

அவர் முகம் வெளுத்தது. ஆனால் பதறாமல் கதவைத் திறந்து இறங்கினார். மாலையைச் சரிசெய்துகொண்டு, பெரியப்பா தோளில் கை போட்டு, வகுப்பில் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்.

“நாந்தான் பெரியப்பா நிறுத்தச் சொன்னேன். வண்டிக்குள்ள இருந்தா மயிலுதான் தெரியுது, என்னைய ஒருத்தருக்கும் தெரியல. பொண்ணு கட்ட வந்தது நானா, மயிலா? நடந்தே போவோம், வாங்க.”

யாரோ ஒரு கிழவி சிரித்தாள். அதோடு தெருவே சிரித்தது. பெரியப்பாவின் மீசையே ஆடியது. தவில்காரர் என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு உருட்டு உருட்டினார். மாப்பிள்ளை நடக்க, விளக்குகள் அவர் பின்னால் போயின, கூட்டம் விளக்குகள் பின்னால் போனது. வண்டியும் நானும் இருட்டுகிற தெருவில் தனியாக நின்றோம். அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முக்குத் திரும்பி மறையும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, மணல் கொண்டுவந்து பக்கத்தில் கொட்டிக்கொண்டு, மயிலை அறுத்து எடுத்துவிட்டு பானட்டைத் திறந்தேன். மயில் சாயாமல் இருக்க அலங்காரக்காரர் கட்டுக்கம்பியை பானட்டின் காற்றுத் துளை வழியாக உள்ளே விட்டு, கெட்டியாகத் தெரிந்த ஒன்றில் முறுக்கியிருந்தார். அது சிலிண்டருக்குப் போகிற நைலான் குழாய். இன்ஜின் ஆட ஆடக் கம்பி அதை அறுத்து, பெட்ரோல் அதே துளை வழியாக மேலே பீய்ச்சியிருந்தது. அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஜீப்பில் அந்த இடத்தில் கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் கட்டியதெல்லாம் ஜீப்புக்கும் அம்பாசிடருக்கும்தான்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கண்ணில் கோபம். “இத்தன சம்பந்தி சனத்துக்கு முன்னால மேளத்த நிறுத்தி என் மானத்த வாங்கிட்டியேப்பா. ரெண்டு நிமிசம் ஓட்டிருந்தா மண்டபம் வந்துருக்குமே.”

மயிலைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினேன். பஞ்சு பெட்ரோலில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் வெடித்த வெடியின் காகிதத் துணுக்குகள் பறந்து வந்து அந்த ஈரத்தில் அங்கங்கே ஒட்டியிருந்தன. முதலாளி குனிந்து ஒன்றை விரலால் எடுத்தார். அதன் ஓரம் கருகியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும்தான்.

அவர் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்தக் காகிதத்தைப் பிடித்தபடியே நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“மாப்ளே எங்க முதலாளி?” என்று கேட்டேன்.

“மண்டபத்துல” என்றார். “உள்ள பந்தியில ஒக்காந்து கேசரி சாப்புடுறாரு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனாரு. நாந்தான் வச்சேன்.”

பட்டு வேட்டியோடு தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டாந்தரம் கேட்டாருப்பா, கேசரி” என்று மறுபடி சொன்னார். அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.